படகுத்துறை விளக்கடியில் கொடுவா: இரவுத் தூண்டிலுக்கு முதல் பாடம்

கொல்லங்கோட்டிலிருந்து பைக்கை எடுத்தால் பொழியூர், அதைத் தாண்டினால் பூவாறு. நடுவில் மாநில எல்லை வந்துபோனதே தெரியாது. நெய்யாறு கடலில் சேரும் இடம் இது. ஐப்பசி மழைக்குப் பிறகு காயலின் மேல்தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தால் உப்பே தெரியாத நாட்களும் உண்டு. கொடுவா மீனுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. முட்டையிடத்தான் அதற்கு உப்புத்தண்ணீர் வேண்டும். வளர்வதற்கு ஆறானாலும் சரி, குளமானாலும் சரி. கேரளப் பக்கம் காளாஞ்சி என்று கேட்டால்தான் புரியும்.

இரவில் விளக்கெரியும் படகுத்துறையில்தான் இதைப் பிடிக்கப் போகிறோம். முதலில் அங்கே பகலில் ஒருமுறை போய் வாருங்கள். துறை யாருடையதோ அவரிடம் அனுமதி கேளுங்கள். தூண்கள் எங்கே, படகு கட்டிய கயிறு எங்கே, மீன் மாட்டினால் எந்தப் பக்கம் இழுத்துக் கரையேற்றலாம் என்று பார்த்து வையுங்கள். ராத்திரியில் இது எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

சாமான்கள் அதிகம் வேண்டாம். 7 அடி ராடு, 3000 அளவு ரீல், 20 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு). அதன் முனையில் 40 பவுண்டு தங்கூசி நரம்பு மூன்றடி கட்டாயம். நான் முதல் வருடம் இதைக் கஞ்சத்தனமாக ஒரு சாண் மட்டும் கட்டினேன். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி இருக்கும். பிரெய்டு அதில் ஒருமுறை உரசியது, அவ்வளவுதான். லூருக்கு, அதாவது போலி இரைக்கு, 3 அல்லது 4 அங்குல ரப்பர் மீன், 7 கிராம் ஈயத்தலைக் கொக்கி போதும். நெற்றியில் கட்டும் டார்ச், கைவலை, லைஃப் ஜாக்கெட். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு, காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள்.

நாள் பார்ப்பதென்றால் அமாவாசையை ஒட்டிய இரவுகள் நல்லது. பௌர்ணமியில் ஆறு முழுக்க வெளிச்சம், விளக்குக்கு என்ன மதிப்பு? பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாய், மணல் மூடாமல் திறந்திருந்தால் ஏற்றவற்றம் இருக்கும், தண்ணீர் ஓடும். அது பாதி வேலையை முடித்துவிடும். தண்ணீர் செம்மண் நிறமாக வந்தால் இரண்டு நாள் பொறுங்கள்.

இனிதான் முக்கியமான கட்டம். துறைக்குப் போனதும் எறியாதீர்கள். டார்ச்சை அணைத்துவிட்டு, பலகையில் கால் அதிராமல் போய் உட்கார்ந்து பத்து நிமிடம் பாருங்கள். விளக்கைச் சுற்றிப் பூச்சி, தண்ணீரில் விழும் பூச்சிக்குப் பொடிமீன், கூடவே இறால். நான் ஆரம்பத்தில் அந்தப் பொடிமீன் கூட்டத்துக்கு நடுவிலேயே எறிந்துகொண்டிருந்தேன். தோணிக்கார அண்ணன் ஒருவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, வெளிச்சத்துல கெடக்கது பொடி. பெரியவன் இருட்டுல நிக்கான்."

உண்மைதான். தெருவிளக்கடியில் போகிறவனை இருட்டுத் திண்ணையில் இருப்பவன் பார்ப்பதுபோல, கொடுவா நிழல் ஓரத்தில் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும், தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும் சத்தம். அது எங்கிருந்து வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எறிவது இப்படி. தண்ணீர் வரும் திசையில், வெளிச்சத்துக்கு ஐந்தாறு அடி முன்னாலேயே, இருட்டில் லூர் விழட்டும். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், கொஞ்சம் தாழும். அப்புறம் நரம்பு தொய்யாத அளவுக்கு மட்டும் ரீலைச் சுற்றுங்கள். நீரோட்டமே லூரை வெளிச்சத்துக்குள் கொண்டுவந்து மறுபக்க நிழலில் தள்ளும். மீன் லூரைக் கவ்வும் அடி பெரும்பாலும் அந்த நிழலுக்குள் நுழையும் இடத்தில்தான் விழும். ஓரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு எறிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாருங்கள். பொழி மூடித் தண்ணீர் நின்றுபோயிருந்தால், நிழல்கோட்டை ஒட்டியே மெதுவாக இழுங்கள்.

அடி விழுந்ததும் ராடை ஓங்கி உயர்த்தத் தோன்றும். வேண்டாம். பக்கவாட்டில் அழுத்தி இழுங்கள். சிப்பி ஒட்டிய தூணை நோக்கித்தான் அது முதலில் ஓடும், அந்த ஓட்டத்தை விடக்கூடாது. துள்ளி எழுந்தால் ராடைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்துங்கள். இல்லாவிட்டால் தலையை உதறிக் கொக்கியைத் துப்பிவிடும்.

கைவலையில் ஏறியதும் டார்ச்சை, தண்ணீருக்கு முதுகு காட்டி, போடுங்கள். கண் கங்குபோல் சிவப்பாக மின்னும். செவுளுக்குள் விரலை விடாதீர்கள். தாடையைக் கிரிப்பரால் பிடியுங்கள். ரொம்பப் பெரியதாக இருந்தால் நான் திருப்பி விட்டுவிடுவேன். கொடுவா ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன், பெரியவை எல்லாம் பெரும்பாலும் முட்டையிடுபவை. நடுத்தரம் என்றால் குழம்புக்கு.

ஒன்று பிடித்த விளக்கை அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். அந்த அமளியில் மற்றவை ஒதுங்கியிருக்கும். ரப்பர் மீனின் வால் கிழிந்திருக்கிறதா, தங்கூசி சொரசொரப்பாகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, டார்ச்சை அணைத்து, அடுத்த விளக்குக்கு நடங்கள்.