சொந்தமாகக் கட்டும் காருக்கு ஹைட்ராலிக் கிளட்ச் பொருத்துவது எப்படி?

ஒரு வண்டியின் எஞ்சின், இன்னொன்றின் கியர்பாக்ஸ், வேறெதிலிருந்தோ கழற்றிய பெடல் என்று சேர்த்துக் கட்டும் காரில் கிளட்ச் கேபிளை நெளிக்காமல் கொண்டுபோவது பெரும்பாடு. ஹைட்ராலிக் என்றால் பைப்பை எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் கம்பெனி வண்டிக்கு முன்பே போட்டுவைத்த கணக்கை இங்கே நாமே போட வேண்டும். என் வண்டியில் இந்த வேலை முடிந்த சூட்டோடு எழுதுகிறேன். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும்; அந்த ஆயில் கியர்பாக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும்; ஸ்லேவ், ஃபோர்க் என்ற நெம்புகோலைத் தள்ளி கிளட்சை விடுவிக்கும். ஃபோர்க்கை வெளியிலிருந்து தள்ளும் ஸ்லேவ் சிலிண்டருக்கான முறை இது.

ஃபோர்க்கிலிருந்து தொடங்குங்கள்

பலரும் கையில் கிடைத்த மாஸ்டர் சிலிண்டரை மாட்டிவிட்டு அப்புறம் யோசிக்கிறார்கள். முதலில் ஃபோர்க்கை அளங்கள். கியர்பாக்ஸை எஞ்சினோடு பூட்டி, கியரில் போட்டு, ஸ்லேவ் உட்காரும் பிராக்கெட்டில் ஒரு நட்டை வைத்து, நீள போல்ட்டால் ஃபோர்க் முனையை மெல்லத் தள்ளுங்கள். கூட ஒருவர் கியர்பாக்ஸின் பின்பக்க ஷாஃப்ட்டைக் கையால் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். ஃபோர்க் நகர்த்தும் ரிலீஸ் பேரிங், டயாஃப்ரம் விரல்களை (கிளட்ச் ஸ்பிரிங் தகட்டின் நாக்குகளை) தொடும் இடம் ஒன்று, ஷாஃப்ட் விடுபட்டுச் சுற்றத் தொடங்கும் இடம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் உங்கள் தேவை.

அது 14 மி.மீ. வந்தது என்று வையுங்கள். ஹோஸ் கொஞ்சம் விரியும், பிராக்கெட் கொஞ்சம் வளையும். அதற்காக 2 மி.மீ. சேர்த்து 16 என்று எடுத்துக்கொள்வேன்.

பெடல் 150 மி.மீ. இறங்குகிறது, பெடல் விகிதம் 6:1 (பெடல் 6 மி.மீ. இறங்கினால் புஷ்ராட் 1 மி.மீ.) என்றால் மாஸ்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பியான புஷ்ராட் 25 மி.மீ. நகரும். ஃப்ரீ பிளேயிலும் (எதையும் தள்ளாமல் சும்மா நகரும் தூரம்), மாஸ்டருக்குள் இருக்கும் சிறு துளை மூடும்வரையிலும் ஏறக்குறைய 2 மி.மீ. போய்விடும். மிச்சம் 23. மாஸ்டர் விட்டத்தின் வர்க்கத்தை ஸ்லேவ் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து 23-ஆல் பெருக்குங்கள். ஸ்லேவ் எவ்வளவு நகரும் என்று வந்துவிடும்.

ஸ்லேவ் 22.2 மி.மீ. (7/8 அங்குலம்) என்றால், 5/8 அங்குல மாஸ்டர் அதை 11.7 மி.மீ.தான் தள்ளும். கிளட்ச் முழுதாக விடாது, கியர் கரகரக்கும். 3/4 அங்குல மாஸ்டர் 16.9 மி.மீ. தள்ளும், இதுதான் வேண்டும். 7/8 அங்குல மாஸ்டர் முழு 23-ஐயும் தள்ளி டயாஃப்ரம் விரல்களை அளவுக்கு மீறி அமுக்கும். பெடலும் 3/4-ஐவிட ஏறக்குறைய 1.36 மடங்கு கனக்கும். பெரிய மாஸ்டர் போட்டால் கிளட்ச் நன்றாக விடும் என்பவர்கள் காலைத்தான் தண்டிக்கிறார்கள்.

மாஸ்டர் உட்காரும் இடம்

எஞ்சினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள மெல்லிய தகட்டு ஃபயர்வாலில் அப்படியே போல்ட் போடாதீர்கள். ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள்: சிலிண்டரோடு தகடும் முன்னால் வந்தால், அத்தனை மி.மீ.யும் கணக்கிலிருந்து போனது. பின்னால் 3 மி.மீ. தகடு ஒன்றைப் பற்றவைத்தால் நின்றுவிடும். புஷ்ராட் நேராகத் தள்ள வேண்டும். சாய்ந்து தள்ளினால் சீல் ஒரு பக்கமாகத் தேயும்.

பைப்

4.75 மி.மீ. (3/16 அங்குலம்) பைப் போதும். வெறும் செம்பு வேண்டாம், அதிர்வில் இறுகி வெடிக்கும். செம்பு-நிக்கல் கலவை கையாலேயே வளையும், துருவும் ஏறாது. எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் ஆடுவதால் ஸ்லேவுக்குப் போகும் கடைசித் துண்டு ஹோஸாக இருக்கட்டும். சைலன்ஸர் பைப்பிலிருந்து விலக்கிக் கட்டுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பைப் நட்டின் எம்10×1 மரையும் 3/8 அங்குல 24 மரையும் (அங்குலத்துக்கு 24 புரி) பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பின்னது முன்னதற்குள் தொளதொளவென்று ஏறி, இறுக்கும்போது மரையைக் கழற்றிக்கொண்டு வரும். பைப் முனையை விரித்து அமைப்பதுதான் ஃப்ளேர்; இரட்டை ஃப்ளேருக்கான இடத்தில் பபிள் ஃப்ளேர் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். ஃப்ளேர் போட வைஸில் பிடிக்கும் வகைக் கருவியையே வாங்குங்கள். இறக்கை நட் போட்ட மலிவு கிளாம்ப் பைப்பை நழுவவிடும்.

புஷ்ராட் இடைவெளி

என்னை அதிகம் அலைக்கழித்த இடம் இது. வண்டி குளிர்ந்திருக்கும்போது கிளட்ச் கச்சிதம். அரைமணி ஓடிச் சூடேறியதும் மேட்டில் எஞ்சின் சத்தம் மட்டும் கூடும், வேகம் கூடாது. கிளட்ச் டிஸ்க்கைச் சந்தேகிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

பெடல் முழுதாக மேலே இருக்கும்போது மாஸ்டரின் பிஸ்டன் சர்க்ளிப்பில் (அது வெளியே வராமல் பிடிக்கும் வளையத்தில்) போய் முட்டி நிற்க வேண்டும். அப்போதுதான் சீலுக்கு முன்னால் இருக்கும் சிறு துளை திறந்திருக்கும். ஆயில் சூடேறி விரிந்தால் அந்தத் துளை வழியாக மாஸ்டருக்கு ஆயில் தரும் டப்பாவுக்குத் திரும்பிவிடும். புஷ்ராட் ஒரு மி.மீ. நீளமாக இருந்து பிஸ்டனை அமுக்கிக்கொண்டிருந்தால் துளை மூடியே கிடக்கும். விரிந்த ஆயில் போக வழியில்லாமல் ஸ்லேவைத் தள்ளும். நீங்கள் காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி மிதித்தபடியே ஓடும்.

ஆகவே புஷ்ராட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். பெடல் பட்டையில் அது 6 மி.மீ. அளவுக்குத் தெரியும். சோதிப்பது எளிது: டப்பாவின் மூடியைத் திறந்து, பெடலைக் கையால் இலேசாக அமுக்குங்கள். துளை மூடுவதற்குள் ஆயிலில் ஒரு சின்னச் சுழிப்பு எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் துளை ஏற்கெனவே மூடியிருக்கிறது. பெடலை மேலே நிறுத்தும் ஸ்டாப்பரையும் பாருங்கள். பெடல் முழுதாகத் திரும்பாமல் அதுவே தடுக்கலாம்.

கீழேயும் ஒரு ஸ்டாப்பர் போல்ட் வையுங்கள். பெடல் அதில் முட்டி நிற்கட்டும், பிஸ்டன் சிலிண்டரின் அடியில் முட்ட வேண்டாம்.

காற்று எடுப்பது

டாட் 4 பிரேக் ஆயில், கடையில் வாங்கிய புது டின். டாட் 5 சிலிக்கான் ஆயிலை இதோடு கலக்காதீர்கள். மினரல் ஆயிலும் வேண்டாம், ரப்பர் சீல் ஊதிக் கெட்டுப்போகும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வேக்குவம் பம்ப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஸ்லேவில் காற்றை வெளியே விடும் திருகான நிப்பிளின் மரை வழியே அது காற்றை இழுத்து, குமிழி தீரவே தீராது. பெரிய சிரிஞ்சில் ஆயிலை நிரப்பி, ஸ்லேவ் நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளுங்கள். காற்று இயல்பாகவே மேலே ஏறும், நாம் அதோடு போகிறோம். மேலே டப்பா நிரம்பி வழியாமல் ஒருவர் இன்னொரு சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துக்கொண்டிருக்கட்டும்.

பிறகு சேர்த்தவை

எவ்வளவு எடுத்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கிறது என்று கேட்டவரின் ஸ்லேவில் நிப்பிள் கீழ்ப்பக்கம் இருந்தது. பிராக்கெட்டிலிருந்து கழற்றி, நிப்பிள் மேலே வரும்படி பிடித்து, பிஸ்டனை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு காற்றை எடுங்கள். மாஸ்டரின் மூக்கு (பைப் மாட்டும் முனை) மேல்நோக்கிச் சாய்ந்திருந்தாலும் காற்று அங்கேயே ஒளிந்துகொள்ளும்; போல்ட்டைத் தளர்த்தி மட்டமாக்கி எடுக்க வேண்டும்.

பிரேக் மாஸ்டரை கிளட்சுக்குப் போடலாமா? போடலாம், உள்ளே ரெஸிடுவல் வால்வு இல்லாதவரை. அந்த வால்வு லைனில் கொஞ்சம் அழுத்தத்தை விடாமல் பிடித்துவைத்து, ரிலீஸ் பேரிங்கை எப்போதும் விரல்கள்மேல் சாய்த்துவைக்கும்.

பெல் ஹவுசிங்குக்குள் (கிளட்சை மூடும் கூட்டுக்குள்) உட்காரும் ஹைட்ராலிக் ரிலீஸ் பேரிங் போடுபவர்களுக்கு: கியர்பாக்ஸைப் பூட்டுவதற்கு முன் பெடலை மிதிக்காதீர்கள், பிஸ்டன் வெளியே வந்துவிடும். தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியை ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரியாக விடுங்கள். டிஸ்க் தேயத் தேய விரல்கள் பேரிங்கை நோக்கி நகர்ந்து வரும். பேரிங் பின்வாங்க இடமில்லை என்றால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிளட்ச் ஒருநாள் வழுக்க ஆரம்பிக்கும். கியர்பாக்ஸை மறுபடி இறக்காமல் அதைச் சரிசெய்ய முடியாது.