நாசகாரிக் கப்பலின் போர்க்கால வரலாற்றைத் தொகுப்பது எப்படி: 'டெனிடோஸ்' ஓர் எடுத்துக்காட்டு

பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் ஒன்றின் போர்க்காலப் பணியை எழுத முற்படுபவர் பெயரை மட்டும் நம்பித் தேடக் கூடாது. டெனிடோஸ் என்ற பெயரில் 1812இல் ஒரு ஃபிரிகேட்டும் 1870இல் ஒரு ஸ்லூப்பும் (இரண்டும் பழைய வகைப் போர்க்கப்பல்கள்) கடலில் இறக்கப்பட்டன. நமக்கு வேண்டியது 1918 அக்டோபரில் ஹாதோர்ன் லெஸ்லி நிறுவனம் வெள்ளோட்டம் விட்ட எஸ் வகுப்பு நாசகாரி. ஆகவே பெயருடன் வகுப்பையும் ஆண்டையும் எச்04 என்ற அடையாள எண்ணையும் சேர்த்தே தேடுங்கள்.

அடுத்து, லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியலைப் பார்க்க வேண்டும். லாக் புத்தகங்கள் (கப்பலின் அன்றாடப் பதிவேடுகள்) ஏடிஎம் (ADM, கடற்படை ஆவணங்களுக்கான குறியீடு) 53 வரிசையிலும், போர் நடவடிக்கை அறிக்கைகள் ஏடிஎம் 199 வரிசையிலும் உள்ளன. போர்க்கால நாசகாரிகளின் லாக் புத்தகங்கள் பெரும்பாலும் பாதுகாக்கப்படவில்லை என்பதால், சிறிய கப்பலின் நடமாட்டத்தை அது துணை சென்ற பெரிய கப்பல்களின் ஆவணங்களிலிருந்தே மீட்டெடுக்க வேண்டியிருக்கும். என் கருத்தில் இந்த வேலையின் உயிர்நாடி இதுதான்.

1941 டிசம்பர் 8 மாலை பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுக்குத் துணையாக எலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ், ஆஸ்திரேலியாவின் வாம்பயர், டெனிடோஸ் என நான்கு நாசகாரிகள் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டன. எரிபொருள் போதாததால் மறுநாள் மாலை டெனிடோஸ் திருப்பி அனுப்பப்பட்டது. இந்தக் கப்பல் அணியின் தளபதி பிலிப்ஸ், எதிரிக்கு இடம் தெரியாதிருக்க வானொலி மௌனம் காத்ததால், அவருடைய செய்தியை 10ஆம் தேதி காலை சிங்கப்பூருக்கு அனுப்பும் பொறுப்பும் அதற்கே தரப்பட்டது. அன்று முற்பகல் ஜப்பானிய விமானங்கள் தனியே சென்ற இந்தச் சிறு கப்பலின் மீது 500 கிலோ குண்டுகளை வீசின, ஒன்றும் படவில்லை. சில மணி நேரத்துக்குள் இரு பெருங்கப்பல்களும் மூழ்கின. அவற்றைப் பற்றிய விசாரணை ஆவணங்களில் டெனிடோஸ் ஓரிரு வரிகளில்தான் வரும். அந்த வரிகளைத் தவறவிடாதீர்கள். 1942 பிப்ரவரி இறுதியில் அது சுந்தா நீரிணை வழியாகச் சுமத்திராவின் படாங்குக்கும், அங்கிருந்து அகதிகளுடன் கொழும்புக்கும் சென்றதை அறிய, உடன் சென்ற ஹோபார்ட், டனே, டிராகன் ஆகிய குரூசர்களின் பதிவுகளைப் பாருங்கள்.

நேரக் கணக்கில் கவனம் தேவை. ஜப்பானியக் கடற்படை எங்கு சென்றாலும் டோக்கியோ நேரத்தையே பின்பற்றியதால், கொழும்பில் காலை ஏழரை மணியளவில் நடந்த அவர்களுடைய தாக்குதல் அவர்களுடைய குறிப்பில் முற்பகலாக இருக்கும். எல்லாவற்றையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றி எழுதிய பின்னரே ஒப்பிடுங்கள்.

முடிவை எழுதும்போது 'மூழ்கடிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதிவிட்டு நகரக் கூடாது; கப்பல் அப்போது எந்நிலையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிகளிலிருந்து வந்த விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தைத் தாக்கியபோது, டெனிடோஸ் பழுதுபார்ப்பில் இருந்தது. விலகி ஓட வழியின்றிக் குண்டுபட்டு மூழ்கியது. வாம்பயர் நான்கு நாள் கழித்து மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கியுடன் மூழ்கியது. எலெக்ட்ரா பிப்ரவரியிலேயே ஜாவாக் கடலில் அழிந்திருந்தது. அந்த நான்கில் போரைக் கடந்தது எக்ஸ்பிரஸ் மட்டுமே.

இறந்தோர் பெயர்களைப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் கப்பல் பெயரையும் தேதியையும் கொடுத்துத் தேடலாம். உடல் கிடைக்காதோரின் பெயர்களைப் போர்ட்ஸ்மத், பிளைமத், சாத்தம் நினைவுச்சின்னப் பட்டியல்களிலும் பாருங்கள்.