புதுக் கோச்சின் முதல் சீசன்: திட்டுவதற்கு முன் கணக்குப் பார்ப்பது எப்படி

ஞாயிற்றுக்கிழமை காலை சிங்கப்பூர் தேக்காவில் பராட்டாவுக்கு உட்கார்ந்தால் பக்கத்து மேசைகளில் எல்லாம் பிரீமியர் லீக் பேச்சுதான் ஓடும். எங்கள் மேசையில் மட்டும் ரக்பி. மொத்தம் நாலு பேர். மாமா ஒருவர்தான் பள்ளியில் நிஜமாகவே விளையாடியவர், மற்ற மூன்று பேரும் பாடாங்கில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) பார்க்கப் போய், அப்புறம் காலாங்கில் பார்த்து, அப்படியே ஒட்டிக்கொண்டவர்கள். ஏதாவது ஒரு அணிக்குப் புதுக் கோச் வந்தால் போதும், எங்களுக்குள் சண்டை ஆரம்பித்துவிடும். இரண்டு ஆட்டம் தோற்றதும் ஒருத்தன் "தூக்குங்கடா அவர" என்பான், மூன்றாவதில் ஜெயித்ததும் அதே ஆள் "நான் அப்பவே சொன்னேன்ல" என்பான். இந்த அலப்பறை தாங்காமல்தான் மாமா ஒரு முறையைக் கொண்டுவந்தார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ட்ரைக்கு (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்துவது) 5, அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வெர்ஷனுக்கு 2, பெனால்டிக்கும் டிராப் கோலுக்கும் 3 என்ற அளவுக்கு ஆட்டம் தெரிந்தால் போதும்.

சீசன் தொடங்கும் முன்பே ஒரு தாள் எடுங்கள். கோச்சின் கைக்கு என்ன வந்தது என்பதை அதில் எழுதிவிட வேண்டும். போன வருஷம் யாரிடம் எத்தனை புள்ளியில் தோற்றார்கள், யார் யார் ஓய்வு பெற்றார்கள், முதல் ஆட்டத்துக்கு முன் அவருக்கு எத்தனை வாரம் கிடைத்தது, இந்த மூன்றும் அவசியம். முன்கூட்டியே எழுதச் சொல்வதற்குக் காரணம், சீசன் முடிந்த பிறகு நம் ஞாபகம் நமக்குச் சாதகமாகத்தான் பேசும்.

இந்தப் பழக்கம் எங்களுக்கு வந்தது 2018-இல். அந்த வருஷம் தென்னாப்பிரிக்காவின் கோச் பொறுப்பை ராசி எராஸ்மஸ் எடுத்துக்கொண்டார். வருஷக் கடைசியில் மச்சான் டெஸ்டுகளை (நாட்டு அணிகளுக்கு இடையிலான ஆட்டங்கள்) விரல் விட்டு எண்ணிவிட்டு, "மாமா, 14 டெஸ்ட், 7 ஜெயிச்சு 7 தோத்திருக்காங்க. இதுக்கு எதுக்கு மாமா புதுக் கோச்?" என்று கேட்டான். மாமா தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே, "போன வருஷம் நியூசிலாந்துல போய் எத்தன வாங்குனாங்க, சொல்லு பார்ப்போம்" என்றார். 57-0. அது 2017 செப்டம்பர், ஆல்பனி. சரியாக ஒரு வருஷம் கழித்து அதே நியூசிலாந்து மண்ணில், வெல்லிங்டனில், 36-34 என்று ஜெயித்தார்கள். ஏழுக்கு ஏழு என்ற எண்ணிக்கைக்குள் அந்த 57 எங்கேயும் தெரியாது. அதே வருஷம்தான் சியா கொலிசியைக் கேப்டனாக்கினார்கள். அடுத்த வருஷம் யோக்கஹாமாவில் இங்கிலாந்தை 32-12 என்று வீழ்த்தி உலகக் கோப்பையைத் தூக்கியதும் மச்சான் ஒரு வாரம் வாட்ஸ்அப் பக்கமே வரவில்லை.

நேரம் எவ்வளவு கிடைத்தது என்பதையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்டீவ் போர்த்விக் இங்கிலாந்துக்குக் கோச்சாக வந்தது 2022 டிசம்பரில், பிப்ரவரியில் ஆறு ஐரோப்பிய அணிகள் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ். ஐந்தில் இரண்டுதான் ஜெயித்தார்கள், அதுவும் டுவிக்கன்ஹாமிலேயே பிரான்ஸிடம் 10-53. ஆகஸ்ட்டில் ஃபிஜியிடம் 22-30, அதற்கு முன் இங்கிலாந்து ஃபிஜியிடம் தோற்றதே கிடையாது. அந்த வாரம் எங்கள் மேசையில் அவருக்கு ஆதரவாக ஒரு குரல்கூட இல்லை, நானும்தான் திட்டினேன். இரண்டு மாதம் கழித்து உலகக் கோப்பை அரையிறுதியில், கடைசியில் கோப்பை வாங்கிய தென்னாப்பிரிக்காவிடம் 15-16, ஒரே ஒரு புள்ளியில் தோல்வி, அப்புறம் மூன்றாம் இடம். பெரிய பெயர் இருந்தால் நேரம் தேவைப்படாது என்று நினைப்பவர்களுக்கு அதே 2023-இல் எடி ஜோன்ஸ் இருக்கிறார்: அவர் கோச்சாக இருந்த ஆஸ்திரேலியாவுக்கு 9 டெஸ்டில் 2 வெற்றி, உலகக் கோப்பையில் குழுச் சுற்றோடு மூட்டை கட்டினார்கள்.

அடுத்தது, யாரோடு, எங்கே. இதற்கு நமக்கு நம் ஊரிலேயே நல்ல பாடம் இருக்கிறது. சன்வுல்வ்ஸ் ஞாபகம் இருக்கிறதா? ஜப்பான் அணிதான், ஆனால் பல நாட்டு அணிகள் ஆடும் சூப்பர் ரக்பி போட்டியில் அவர்களுடைய சொந்த மைதான ஆட்டங்களில் சில நம் தேசிய விளையாட்டரங்கில்தான் நடந்தன. 2016 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் சீட்டாஸ் அணியிடம் இங்கே 31-32 என்று தோற்றார்கள். அடுத்த மாதமே அவர்கள் ஊரான ப்ளூம்ஃபோன்டைனுக்குப் போய் அதே சீட்டாஸிடம் 17-92. அதே கோச், அதே சீசன், அதே எதிரி. இங்கே ஒரு புள்ளி வித்தியாசம், அங்கே 75. இரண்டில் எதை வைத்து கோச்சுக்கு மார்க் போடுவது? இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும் என்பதுதான் பதில். தாளில் ஆட்டங்களை எழுதும்போதே சொந்த ஊர், வெளியூர் என இரண்டு பத்தி பிரித்துவிடுங்கள், பலமான எதிரணிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வையுங்கள். சன்வுல்வ்ஸின் இன்னொரு கதையும் உண்டு. 2016-இலிருந்து 2020 வரை ஐந்து சீசன், ஐந்து தலைமைக் கோச். யாரையும் எடைபோடவே வாய்ப்பில்லாத அணி அது.

புள்ளிப்பட்டியலையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் போனஸ் புள்ளிகளைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான போட்டிகளில் வெற்றிக்கு 4, சமநிலைக்கு 2, நான்கு ட்ரை போட்டால் கூடுதலாக 1, ஏழு புள்ளிக்குள் தோற்றால் 1. பிரான்ஸின் டாப் 14 லீகில் ஐந்து புள்ளிக்குள் தோற்றால்தான் அந்த ஒன்று கிடைக்கும். தோல்வி போனஸ் நிறைய வாங்கிய அணி ஏதோ ஒன்றைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது, கடைசிப் பத்து நிமிஷத்தில் எதையோ கோட்டை விடுகிறது. தோல்வி போனஸே வாங்காத அணி தோற்றால் மொத்தமாகத் தோற்கிறது. அது வேறு வியாதி.

இனி ஆட்டத்தைப் பார்க்கும் வேலை. ஹைலைட்ஸ் பார்த்துவிட்டு கோச்சைப் பற்றிப் பேசாதீர்கள், அதில் ட்ரை மட்டும்தான் இருக்கும், கோச்சின் வேலை பெரும்பாலும் ட்ரைக்கு முந்திய ஐந்து நிமிஷத்தில் இருக்கும். முழு ஆட்டத்தையும் பேனாவோடு பாருங்கள். எல்லாவற்றையும் எண்ணினால் பைத்தியம் பிடித்துவிடும், நாங்கள் எண்ணுவது நாலே விஷயம்.

முதலாவது 22 மீட்டர் கணக்கு. நம் அணி பந்தோடு எதிரணியின் 22 மீட்டர் கோட்டுக்குள் (அவர்களுடைய ட்ரை கோட்டிலிருந்து 22 மீட்டர் தள்ளி இருப்பது) நுழையும் ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு கோடு போடுங்கள். அந்த நுழைவில் புள்ளி கிடைத்தால் கோட்டின் தலையில் எண்ணை எழுதுங்கள், பந்து கையிலிருந்து முன்னால் நழுவி நாக்-ஆன் ஆகியோ, தரையில் கிடக்கும் பந்துக்கு இரு பக்கமும் முட்டும் ரக்கில் பந்து பறிபோயோ வெறுங்கையோடு திரும்பினால் கோட்டின் குறுக்கே ஒரு வெட்டு. ஆட்டம் முடிந்ததும் புள்ளியைக் கோட்டால் வகுங்கள். பத்து கோடு, 17 புள்ளி என்றால் நுழைவுக்கு 1.7. எங்கள் அளவுகோலில் இரண்டுக்குக் கீழே போனால் கவலை, மூன்றைத் தொட்டால் அன்றைக்கு மாமாவே பில் கட்டுவார். ஆனால் சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பத்து முறை நுழைந்து ஏழு முறை வெறுங்கையோடு வரும் அணியிடம் பந்தை அங்கே கொண்டுபோகும் வழி இருக்கிறது, முடிப்பதுதான் வரவில்லை, அதைப் பழக்கிவிடலாம். மூன்றே முறை நுழைந்து மூன்றிலும் ட்ரை போட்ட அணிக்கு அன்றைக்கு யோகம் அடித்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் சீசனில் நான் முதல் வகை அணியின் கோச்சைத்தான் நம்புவேன்.

இரண்டாவது, சொந்த லைன்-அவுட்டும் (ஓரக்கோட்டிலிருந்து பந்தை எறிவது) ஸ்கிரம்மும் (இரு அணியும் முட்டித் தள்ளுவது). நாம் எறிந்த பந்தை நாமே எத்தனை முறை பிடித்தோம்? பன்னிரண்டில் பத்து என்றால் பிழைத்துக்கொள்ளலாம், எட்டுக்கு இறங்கினால் எந்தத் திட்டமும் நடக்காது. ஆனால் பந்தை எறியும் ஹூக்கர் அன்றைக்குத்தான் புதிதாக இறங்கினாரா என்று பார்த்துவிட்டுக் கோச் பெயரை இழுங்கள்.

மூன்றாவது, தவறு செய்து எதிரணிக்குக் கொடுக்கும் பெனால்டி. மொத்த எண்ணிக்கை ஸ்கோர் பக்கத்திலேயே கிடைத்துவிடும், பத்தைத் தாண்டினால் நான் முகம் சுளிப்பேன். எப்போது கொடுத்தார்கள் என்பதை நாமேதான் குறிக்க வேண்டும். ட்ரை போட்டுவிட்டு, ஆட்டம் மறுபடி தொடங்கிய கையோடு ஆஃப்சைடில் நின்று மூன்று புள்ளியைத் திருப்பிக் கொடுக்கும் அணி இருக்கிறதே, அதைப் பார்த்தால் வயிறு எரியும். ஸ்கிரம்மில் விழும் பெனால்டிக்கு உடல்பலம் காரணமாக இருக்கலாம், ஆஃப்சைடுக்கு அந்தச் சாக்கெல்லாம் கிடையாது, அது பயிற்சியில் திருத்த வேண்டிய பழக்கம். சீசனின் முதல் மூன்று ஆட்டத்தையும் கடைசி மூன்று ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், புதுக் கோச் சொல்வது ஆட்டக்காரர்கள் காதில் ஏறியதா இல்லையா என்று இந்த ஒரு வரிசையே காட்டிவிடும்.

நாலாவதுதான் எங்களுக்கு முக்கியம், கடைசி 20 நிமிஷம். அந்த நேரத்தை மட்டும் தனி ஆட்டம்போல ஸ்கோர் போடுங்கள். ஏனென்றால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேரை எப்போது, யாருக்குப் பதிலாக இறக்குவது என்பது கோச்சின் முடிவு. சாதாரணமாக ஐந்து ஃபார்வர்ட் (முன்னால் முட்டுபவர்கள்), மூன்று பேக்ஸ் (பின்னால் நின்று ஓடுபவர்கள்) என்று வைப்பார்கள், 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா ஏழுக்கு ஒன்று என்று வைத்து, 12-11 என்று ஜெயித்தது. ஒரு பேக் அடிபட்டு அவருக்குப் பதில் வந்தவருக்கும் அடிபட்டிருந்தால் அந்தக் கோச் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் இன்னும் பேசுகிறோம்.

2024-இல் ஸ்காட் ராபர்ட்சன் நியூசிலாந்துக்குக் கோச்சாக வந்த முதல் வருஷத்தை இந்த முறையில்தான் பார்த்தோம். ஆரன் ஸ்மித், வைட்லாக், ரெட்டாலிக், மோவுங்கா என்று பெரிய தலைகள் எல்லாம் கிளம்பிய பிறகு கைக்கு வந்த அணி அது. 14 டெஸ்டில் 10 வெற்றி. வெளியே இருந்து பார்த்தால் நல்ல வருஷம். தாளைப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். அர்ஜென்டினாவிடம் வெல்லிங்டனில் 30-38 தோல்வி, ஒரு வாரம் கழித்து ஈடன் பார்க்கில் அவர்களையே 42-10. ஆக, தவறை ஒரே வாரத்தில் திருத்தத் தெரிகிறது. ஆனால் ஆகஸ்ட் 31, ஜோகன்னஸ்பர்க். அங்கே மாலை ஐந்து மணி என்றால் நமக்கு இரவு பதினொன்று. நள்ளிரவு பன்னிரண்டரை வாக்கில் நியூசிலாந்து 27-17 என்று முன்னால் இருந்தது. மாமா கொட்டாவி விட்டுவிட்டு, தாளில் மசியால் ஸ்கோரை எழுதிவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் குழுவில் அவர் போட்ட முதல் செய்தி, "பார்த்தீங்களாடா, புதுக் கோச் எப்படி?" தென்னாப்பிரிக்கா கடைசிப் பத்துச் சொச்ச நிமிஷத்தில் இரண்டு ட்ரை போட்டு 31-27 என்று முடித்திருந்தது. நாங்கள் யாரும் அரைமணி நேரம் பதில் போடவில்லை. அடுத்த வாரம் கேப் டவுனிலும் 12-18.

மைதானத்துக்கு வெளியே பார்க்க வேண்டியதும் கொஞ்சம் உண்டு. எத்தனை புது முகங்களை இறக்கினார், அவர்களில் எத்தனை பேரை ஒரு மோசமான ஆட்டத்துக்குப் பிறகும் வைத்துக்கொண்டார் என்று எழுதுங்கள். உதவிக் கோச்சுகள் நிலைக்கிறார்களா என்றும் பாருங்கள், அதே ராபர்ட்சனின் உதவியாளர் லியோன் மெக்டொனால்ட் ஐந்து டெஸ்டோடு ஆகஸ்ட்டிலேயே விலகினார். அதற்கு நாம் காரணம் கற்பிக்க வேண்டாம், தேதியைக் குறித்தால் போதும்.

உங்கள் பையனோ தம்பியோ ஆடும் பள்ளி அணியைப் பார்க்கிறீர்கள் என்றால் மேலே சொன்னதில் பாதியை விட்டுவிடலாம். 'பி' டிவிஷன் என்றால் உயர்நிலை மூன்றும் நான்கும், வருஷத்துக்குப் பாதி அணி மாறிவிடும், போன வருஷத் தாளோடு ஒப்பிட்டுக் கோச்சைக் குறைசொல்வது நியாயமில்லை. முதல் ஆட்டத்தையும் கடைசி ஆட்டத்தையும் மட்டும் ஒப்பிடுங்கள். எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிளில் தலையை எந்தப் பக்கம் வைக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் ஆட்டத்தில் தப்பான பக்கம் வைத்த பையன் கடைசி ஆட்டத்தில் சரியாக வைத்தால் அந்தக் கோச்சுக்கு என் ஓட்டு, ஸ்கோர் எதுவாக இருந்தாலும் சரி. ஓரத்தில் நின்று கத்துவதை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள் அண்ணே, பையன் காதில் விழுகிறது.

கடைசி ஆட்டம் முடிந்த இரவே தீர்ப்பு எழுதக் கூடாது. இரண்டு வாரம் விடுங்கள். அப்புறம் நாலு வரி போதும்: எது மாறியது, எது மாறவில்லை, எது அவர் கையில் இல்லை, அடுத்த வருஷம் முதல் மூன்று ஆட்டத்தில் எதைப் பார்க்கப் போகிறேன். எழுதியதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட வேண்டும், அதன் பிறகு திருத்தம் கிடையாது. இந்த ஒரு விதியால்தான் எங்கள் மேசையில் "நான் அப்பவே சொன்னேன்ல" கொஞ்சம் குறைந்தது.

திருத்தக் கூடாது என்ற விதியை ரொம்பக் கறாராகப் பிடித்துக்கொண்டிருப்பவர் மாமாதான். அவருடைய 2024 தாளில் ஜோகன்னஸ்பர்க் கட்டத்தில் இன்றைக்கும் 27-17 என்றுதான் இருக்கிறது. "நான் பார்த்த வரைக்கும் அதான்டா ஸ்கோர்" என்கிறார்.