பிரெஞ்சுத் தேர்வில் டைரிக் குறிப்பு: கடலோரப் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை

இராமநாதபுரம் பக்கம் பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகள் குறைவுதான். மண்டபம் ஊரில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குச் சாயங்காலம் நாலைந்து பேர் வருவார்கள். இலக்கணத்தை எப்படியோ தேற்றிவிடுகிறார்கள். 'டைரிக் குறிப்பு எழுதுக' என்று கேள்வி வந்தால் மட்டும், பார்த்தே இராத பாரிஸுக்குப் போய் ஈபிள் கோபுரத்தில் ஏறிவிடுவார்கள். எல்லாம் மனப்பாடம். நடுவில் ஒரு வரி மறந்தால் கோபுரத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

பாம்பன் பாலத்தையும் மீன்பிடித் தடைக்காலத்தையும் வைத்தே டைரி எழுதலாம். நடந்ததை எழுதினால் அடுத்த வரி தானாக வரும். மதிப்பெண் வினைச்சொல்லுக்குத்தான், கோபுரத்துக்கு இல்லை.

ஒரு விஷயம்: பிரெஞ்சு வரிகளின் ஒலியை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன். எழுத்துக்கூட்டலைப் பாடப்புத்தகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, கேள்வியை இரண்டு தடவை படிப்பது. டைரி எழுதுவது யார்? பையனா, பெண்ணா? எத்தனை சொல்? பிரெஞ்சில் இந்தப் பையன்-பெண் கணக்கு வாக்கியம் முழுக்கத் தொடரும். பிளஸ் டூ தேர்வில் நான் 'போனேன்' என்பதைக் கடைசிவரை ஆண்பாலிலேயே எழுதிவிட்டு வந்தேன். பெண்ணுக்கு 'அலே' என்ற சொல்லின் கடைசியில் இன்னொரு 'இ' எழுத்து (ஆங்கில E) சேர வேண்டும். காதுக்கு இரண்டும் ஒன்றுதான், தாளில்தான் வித்தியாசம். விடைத்தாள் திருத்துகிறவர் காதால் திருத்துவதில்லையே.

அடுத்து தேதி. கிழமை, எண், மாதம் என்ற வரிசை: 'திமான்ஷ் 15 ஜுவேன்', அதாவது ஞாயிறு, ஜூன் 15. கிழமைக்கும் மாதத்துக்கும் பெரிய எழுத்து கிடையாது. ஆங்கிலப் பழக்கத்தில் கை தானாகப் பெரிய எழுத்துப் போடும், பிடித்து நிறுத்துங்கள். மாதத்தின் முதல் நாளுக்கு மட்டும் 'ப்ரமியே', அதாவது 'முதலாம்' என்று வரும். மற்ற நாளெல்லாம் வெறும் எண்.

அதன் கீழே 'ஷேர் ஜூர்னால்', அன்புள்ள டைரியே. டைரியிடம் பேசும்போது 'தியூ', அதாவது 'நீ'. மரியாதைக்குரிய 'வூ' வேண்டாம். நெருங்கிய தோழியை யாராவது 'நீங்கள்' என்பார்களா?

சரி, இனி உள்ளே. இங்கேதான் பிள்ளைகள் திணறுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

டைரிக்கு மூன்று காலம் போதும். நடந்து முடிந்ததற்கு பாஸே கோம்போஸே. அப்போது காற்று எப்படி, மனசு எப்படி என்பதற்கு ஏம்பர்ஃபே. நாளைக்குச் செய்யப்போவதற்கு ஃபுத்யூர் ப்ரோஷ். முதல் இரண்டுக்கும் வேறுபாடு புரியவில்லையா? படகு கிளம்பியது, கயிறு அறுந்தது, மாமா கத்தினார்: இவையெல்லாம் பாஸே கோம்போஸே. இருட்டாக இருந்தது, காற்று அடித்துக்கொண்டிருந்தது, பயமாக இருந்தது: இவை ஏம்பர்ஃபே. படகு நகர்கிறது, பின்னால் கடல் இருந்தபடி இருக்கிறது. அப்படி நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

பாஸே கோம்போஸேவில் பெரும்பாலான வினைக்கு 'ஆவ்வார்' (ஆங்கில have மாதிரி) துணைக்கு வரும். போ, வா, கிளம்பு, வந்துசேர், விழு, திரும்பு போன்ற சில வினைகளுக்கும், 'எழுந்தேன்', 'குளித்தேன்' மாதிரித் தனக்குத் தானே செய்துகொள்ளும் வினைகளுக்கும் 'எத்ர்' (ஆங்கில be மாதிரி) வரும். 'ஜே அலே' என்று எழுதாதீர்கள், 'ஜெ சுயி அலே' என்பதுதான் சரி. எத்ர் வந்தால் ஆண், பெண், ஒருமை, பன்மை எல்லாம் வினையின் வாலில் தெரிய வேண்டும்.

தமிழிலிருந்து நேராகத் தாவுவதிலும் ஒரு பள்ளம் உண்டு. நமக்குப் பசி 'எடுக்கும்', பயம் 'வரும்'. பிரெஞ்சுக்காரருக்குப் பசியும் தாகமும் பயமும் கையில் 'இருக்கும்': ஜாவே ஃபேன், ஜாவே ஸ்வாஃப், ஜாவே பெர். ஆங்கிலத்தைப் பார்த்து இங்கே எத்ர் போட்டால் தப்பு. வெயிலோ சூட்டைச் 'செய்யும்': இல் ஃபெஸே ஷோ. இந்த நாலையும் அப்படியே நெட்டுரு போட்டுவிடுங்கள், மனப்பாடம் உருப்படியாக உதவுகிற இடம் இதுதான்.

இப்போது ஒரு முழு டைரி. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது முடிந்த மறுநாள் மண்டபத்துப் பெண் ஒருத்தி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

திமான்ஷ் 15 ஜுவேன்
ஷேர் ஜூர்னால்,
கெல் ஜூர்னே! (என்ன ஒரு நாள்!)
ஸெ மாத்தேன், ஜெ மெ சுயி லெவே ஆ காத்ர் எர். (இன்று காலை நான்கு மணிக்கு எழுந்தேன்.)
இல் ஃபெஸே நுவார் எ இல் யாவே தியூ வான். (இருட்டாக இருந்தது, காற்றும் அடித்தது.)
தாபோர், ஜே போர்தே லெ ஸாக் தெ பாப்பா. (முதலில் அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.)
ஆன்சுயித், லே பாத்தோ ஸோன் பார்தி. (பிறகு படகுகள் கிளம்பின.)
மாமான் நா ரியேன் தி. (அம்மா எதுவும் சொல்லவில்லை.)
ஜாவே பெர். (எனக்குப் பயமாக இருந்தது.)
தெமேன், ஜெ வே ஆதாந்த்ர் பாப்பா சுர் லா ப்ளாஜ். (நாளை கரையில் அப்பாவுக்காகக் காத்திருப்பேன்.)
போன் நுயி!

இதில் ஒரு வாக்கியம்கூடக் கடினம் இல்லை. 'லெவே' பெண் எழுதியது, அதனால் கூடுதல் 'இ'. 'பார்தி' படகுகளுக்கானது, அதனால் கடைசியில் பன்மைக்குரிய 'எஸ்'. 'போர்தே'வுக்கு ஆவ்வார் என்பதால் வாலில் எதுவும் சேராது. அம்மா எதுவும் சொல்லவில்லை என்ற வரியில் எதிர்மறையும் வந்துவிட்டது. எனக்கு இந்த டைரியில் பிடித்த வரியும் அதுதான்.

பாருங்கள், படகுத்துறை, விசைப்படகு, ஐஸ்பெட்டி எதற்கும் பிரெஞ்சுச் சொல் தேடவில்லை. தெரிந்த 'பாத்தோ'வே போதும். சொல் தெரியாவிட்டால் சம்பவத்தைச் சுருக்குங்கள், ஆங்கிலச் சொல்லை நுழைக்காதீர்கள். ஊர்ப்பெயர்கள் மட்டும் அப்படியே இருக்கலாம். அத்தை வீட்டுக்குப் போனதாக எழுதினால் 'விஸித்தே' போடாதீர்கள், அது இடங்களுக்கு. ஆட்களைப் பார்க்கப் போனால் 'ரான்த்ர் விஸித்'.

சொல் எண்ணிக்கை குறைந்தால் 'புயி' (பிறகு), 'அப்ரே' (அப்புறம்), 'ஆன்ஃபேன்' (கடைசியாக) சேர்த்து இன்னும் இரண்டு சம்பவம் போடுங்கள். அடியில் உங்கள் சொந்தப் பெயர் வேண்டாம், கேள்வியில் தந்த பெயரை எழுதுங்கள்.

கடைசி ஐந்து நிமிடத்தை எழுத்தின் மேல் வரும் கோடுகளுக்கென்றே ஒதுக்குங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் கடல் சம்பந்தப்பட்ட சொற்களிலேயே கண்ணி இருக்கிறது. 'மேர்' என்றால் கடல். அதில் 'இ' எழுத்தின் மேல் இடமிருந்து வலமாக இறங்குகிற கோட்டைப் போட்டுக் கடைசியில் இன்னொரு 'இ' சேர்த்தால் அம்மா, உச்சரிப்பு அதேதான். மீனுக்கு 'ப்வாஸோன்', நடுவில் இரண்டு 'எஸ்'. ஒன்று விட்டுப்போனால் விஷம். மதியம் விஷம் சாப்பிட்டு இரவு நிம்மதியாகத் தூங்கினவர்கள் என் திண்ணையில் பலர்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது 'பெஷெர்'. மீனவர் என்றால் முதல் 'இ' மேல் கூரைபோல ஒரு தொப்பி வரும். தொப்பிக்குப் பதில் வலப்பக்கம் ஏறுகிற சாய்கோட்டைப் போட்டால் பாவி என்று பொருள். போன வருடம் ஒரு பையன் 'என் அப்பா ஒரு பாவி' என்று அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தான். மற்றதெல்லாம் சரி, ஒரு பிழை கிடையாது. "டீச்சர், இதை வீட்டில் அப்பாகிட்ட காட்டவா?" என்று ஆசையாகக் கேட்டான்.

"முதல்ல தொப்பியைப் போடு, அப்புறம் காட்டு" என்றேன்.