பிட் போர்டு தூக்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள்: ஒரே அணியில் இரண்டு வேகக்காரர்கள் ஓடுவது எப்படி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்திலிருந்து பந்தய ஆசையோடு பிள்ளைகள் என் பட்டறைக்கு வருவது வழக்கம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், வாயைத் திறந்தால் மோட்டோஜிபி பைக் பந்தயம். எல்லைச் சாவடியைத் தாண்டிச் சிறிது நேரம் ஓட்டினால் செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் வந்துவிடும். எனவே அவர்களுக்கு இது தொலைக்காட்சியில் மட்டும் பார்க்கிற விளையாட்டு அல்ல. முதல் லேப் நேரம் சுமாராக வந்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, அணியில் சேர்ந்தால் எனக்காக ஓடுவதா, அணிக்காக ஓடுவதா?"

நான் ஒரு சிறிய பைக் அணிக்கு இயந்திரம் பார்க்கிறேன். பந்தய நாளில் பிட் வாலில், அதாவது தடத்தோரச் சுவரில், நின்று ஓடுகிறவருக்குச் செய்தி காட்டும் பிட் போர்டைப் பிடிப்பதும் நான்தான். என் பதில் இது: இரண்டுக்காகவும் ஓடலாம். எந்த நிலைமையில் எதற்கு முதலிடம் என்பதை ஹெல்மெட் மாட்டுவதற்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். அதை எப்படிப் பேசுவது, என்னென்ன பேசுவது என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ரேக்ளா வண்டியை உவமை சொல்வார்கள். இரண்டு காளைகளும் சேர்ந்து இழுத்தால்தான் வண்டி நேராகப் போகும் என்பார்கள். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. காளைகளுக்குத் தனித்தனியே பரிசு கிடையாது. மோட்டார் பந்தயத்தில் புள்ளிப் பட்டியல் இரண்டு. ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் 1950 முதல் ஓட்டுநருக்குப் பட்டம் உண்டு; 1958 முதல் கார் தயாரிப்பாளருக்கும் உண்டு. விளையாட்டின் அமைப்பே உங்களைத் தனி ஆளாகவும் அணியில் ஒருவராகவும் ஒரே நேரத்தில் எண்ணுகிறது. ஆகையால் ஆசைப்படுவதற்கு வெட்கப்படாதீர்கள். அணித்தோழரை முந்த நினைப்பது துரோகம் ஆகாது. உங்களுடைய அதே வண்டி, அதே டயர், அதே மெக்கானிக் அவருக்கும் இருக்கிறது. உங்கள் திறமையை அளக்க அவரைவிட நேர்மையான அளவுகோல் கிடைக்காது.

சேருவதற்கு முன்

அணி மேலாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். புது உதிரிபாகம் ஒன்றே ஒன்று வந்தால் யாருக்குப் போகும்? அணித்தோழர் இடித்து நான் விழுந்தால் வண்டிச் செலவு யாருடையது? பரிசுப் பணம் எப்படிப் பிரியும்? ஆண்டின் தொடக்கத்திலேயே ஒருவரை முதல் ஓட்டுநராக வைத்துவிட்டீர்களா, அல்லது புள்ளிகளைப் பார்த்துப் பிறகு முடிவு செய்வீர்களா? பதில்களை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இந்தப் பேச்சில் அப்பாவோ அம்மாவோ கூட இருக்கட்டும். எல்லைக் கிராமங்களில் பந்தயச் செலவுக்கான பணம் தென்னந்தோப்பிலிருந்தோ வளைகுடாவில் இருக்கிற அண்ணனிடமிருந்தோ வருகிறது. பணம் கொடுத்தவருக்கு மகன் ஏன் இரண்டாவதாக வந்தான் என்பது பந்தயம் முடிந்த பிறகு தெரியக்கூடாது. முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

முதல் ஓட்டுநர் வேறொருவர் என்று வெளிப்படையாகச் சொல்லும் அணியை வெறுக்காதீர்கள். கற்றுக்கொள்ளப் போகிறவருக்கு அது நல்ல இடமாக இருக்கலாம். "இருவரும் சமம்" என்று வாயால் சொல்லிவிட்டு எழுத மறுக்கிற அணியைத்தான் தவிர்க்கச் சொல்வேன்.

போர்டில் என்ன இருக்கும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். 1982 ஏப்ரலில் இமோலாவில் நடந்த சான் மரீனோ பந்தயத்தில் ரெனோ கார்கள் பழுதாகி ஒதுங்கியபின் ஃபெராரியின் ஜில் வில்நெவும் டிடியே பிரோனியும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். பிட் வாலிலிருந்து "மெதுவாக" என்று போர்டு காட்டினார்கள். இருக்கிற வரிசையிலேயே ஓட்டி முடிக்கச் சொல்கிறார்கள் என்று வில்நெவ் எடுத்துக்கொண்டார். காரைப் பத்திரமாகக் கொண்டுவரச் சொல்கிறார்கள், முந்தக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்று பிரோனி எடுத்துக்கொண்டார். கடைசிச் சுற்றில் பிரோனி முந்தி வென்றார். இனி அவரோடு பேசுவதில்லை என்று வில்நெவ் முடிவெடுத்தார். இரண்டு வாரத்துக்குள், மே 8ஆம் தேதி, பெல்ஜியத்தின் ஸோல்டரில் தகுதிச் சுற்றில் நடந்த விபத்தில் வில்நெவ் இறந்துபோனார். அந்தப் போர்டுதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது யாருக்கும் நியாயம் செய்யாது. ஆனால் போர்டு பிடிக்கிறவன் என்ற முறையில் அந்த ஒற்றைச் சொல்லை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்க இடம் கொடுத்தது அணியின் பிழை.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. "மெதுவாக" என்பதற்கு ஓர் அடையாளம், "வரிசை மாறாதே" என்பதற்கு வேறோர் அடையாளம், "இடம் மாற்றிக்கொள்" என்பதற்கு மூன்றாவது அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அணியில் ஒருவன் தமிழ் படித்தவன், ஒருவன் மலையாளம் படித்தவன். அதனால் சொற்களை விட்டுவிட்டு வட்டம், முக்கோணம், குறுக்கே போகும் இரண்டு அம்புகள் என்று படமாகவே வைத்திருக்கிறோம். எண்கள் இருவருக்கும் பொது. நிறம் தேர்ந்தெடுக்கும்போது தடத்தோரம் எச்சரிக்கைக் கொடி காட்டும் மார்ஷல்களின் கொடி நிறங்களைத் தொடாதீர்கள். மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு எல்லாவற்றுக்கும் பந்தயத்தில் ஏற்கெனவே பொருள் உண்டு. ரோஸ் நிறமும் கத்தரிப்பூ நிறமும் குழப்பாது. நேர்பாதையில் குனிந்து பறக்கிறவர் ஒரு பார்வையில் மூன்று செய்திகளுக்கு மேல் வாசிக்க முடியாது: உங்கள் இடம், பின்னால் வருபவரோடு உள்ள இடைவெளி, மீதிச் சுற்றுகள். அடையாளம் காட்டுகிற சுற்றில் இவற்றில் ஒன்றை எடுத்துவிடுவேன். பார்த்துவிட்டேன் என்பதற்கு ஓட்டுநர் தலையசைக்க வேண்டும். அசைக்காவிட்டால் அடுத்த சுற்றிலும் காட்டுவேன்.

காற்றும் இருவரும்

சிறிய எஞ்சின் வகுப்புகளில் அணித்தோழரின் அருமை ஆடி மாதத்தில் புரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவைப் பக்கம் வீசும் வேகம் உங்களுக்குத் தெரியும். எதிர்காற்றில் தனியாக ஓடும் சிறிய பைக் திணறும். முன்னால் போகிறவரின் பின்னே ஒட்டிக்கொண்டால் காற்றின் தடை குறையும்; அந்த மிச்ச வேகத்தில் வெளியே வந்து முந்தலாம். இருவரும் நேர்பாதையில் மட்டும் மாறி மாறி இழுத்து, வளைவுகளில் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் ஓடினால், பின்னால் வரும் கூட்டத்தை விட்டுத் தூரம் போய்விடலாம். வளைவுக்குள் சண்டை போட்டால் இருவருடைய பாதையும் கெட்டு, நுழையும் வேகம் குறைந்து, மூன்றாமவர் வந்து சேர்ந்துவிடுவார். கடைசி மூன்று சுற்று வரை சேர்ந்து இழுப்பது, அதன்பின் அவரவர் பந்தயம் என்று முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். எத்தனை சுற்று என்பது உங்கள் விருப்பம். எண் ஒன்று இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

அந்தக் கடைசிச் சுற்றுகளிலும் ஒரு கட்டளைக்கு விலக்கே இல்லை: அணித்தோழரை இடிக்காதீர்கள். ஃபார்முலா ஒன்னில் முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 18. முதல் இரண்டு இடங்களில் ஓடும் ஓர் அணியின் கார்கள் மோதி நின்றால் 43 புள்ளி போய்விடும். 2016இல் பார்சிலோனாவில் மெர்சிடிஸ் அணியின் ஹாமில்டனும் ரோஸ்பெர்க்கும் முதல் சுற்றிலேயே மோதி வெளியேறினார்கள். ரெட் புல் அணியின் 18 வயது வெர்ஸ்டாப்பன் வென்றார். பைக் ஓட்டுகிறவர்கள் 2006இல் போர்ச்சுகலின் எஸ்தோரில் தடத்தில் நடந்த மோட்டோஜிபி பந்தயத்தைத் தேடிப் பாருங்கள். பட்டத்துக்கு முன்னணியில் இருந்த ஹோண்டாவின் நிக்கி ஹேடனை அவருடைய அணித்தோழர் டானி பெட்ரோசா உள்ளே நுழைந்து விழவைத்தார். இருவரும் சறுக்கிப் போனார்கள். முன்னணி யமஹாவின் ரோஸ்ஸியிடம் போனது. வலென்சியாவில் நடந்த இறுதிப் பந்தயத்தில் ரோஸ்ஸி விழுந்ததால் ஹேடன் 5 புள்ளியில் பட்டத்தை மீட்டார். எல்லோருக்கும் அப்படி மீட்பு கிடைக்காது.

இடம் கொடு என்று சொன்னால்

கேட்பது யாருக்காக, எந்தக் கணக்கில் என்று பாருங்கள். 1999இல் ஷூமாக்கர் கால் முறிந்து படுத்திருந்தபோது ஃபெராரியில் அவருக்குப் பதிலாக ஓடியவர் மிக்கா சாலோ. ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் பந்தயத்தில் முதலிடத்தில் இருந்தார். பட்டத்துக்குப் போட்டியில் இருந்த எடி இர்வைனுக்கு வழிவிட்டார். சாலோ தன் வாழ்நாளில் ஒரு ஃபார்முலா ஒன் பந்தயமும் வெல்லவில்லை; அன்று கையிலிருந்ததைத்தான் கொடுத்தார். இர்வைன் கோப்பையை அவரிடமே கொடுத்துவிட்டார். ஆண்டு முடிவில் இர்வைன் 2 புள்ளியில் பட்டத்தை இழந்தாலும், தயாரிப்பாளர் பட்டம் 1983க்குப் பிறகு முதன்முறையாக ஃபெராரிக்குக் கிடைத்தது. இதை நான் மனமார மதிக்கிறேன்.

2002 ஆஸ்திரியப் பந்தயத்தில் அதே ஃபெராரி செய்ததை மதிக்கவில்லை. அது அந்த ஆண்டின் ஆறாவது பந்தயம். முந்தைய ஐந்தில் நான்கை ஷூமாக்கரே வென்றிருந்தார். அப்படியிருந்தும் பந்தயத்தின் பெரும்பகுதி முன்னால் ஓடிய அணித்தோழர் பாரிச்செல்லோவை முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் வேகத்தைக் குறைக்கவைத்து ஷூமாக்கரை வெல்லவைத்தார்கள். கூட்டம் கத்தித் தீர்த்தது. ஷூமாக்கர் ஜூலையிலேயே பட்டம் வென்றுவிட்டார். அந்த 4 புள்ளிகள் யாருக்கும் தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டே அணிக் கட்டளைகளுக்குத் தடை வந்தது. தடை இருந்த காலத்தில் கட்டளைகள் நிற்கவில்லை, மறைபொருளில் பேசப்பட்டன. 2010இல் ஃபெராரியின் மாசாவிடம், அணித்தோழர் பெர்னாண்டோ அலோன்சோவுக்கு வழிவிடட்டும் என்று, "பெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறான்" என்று சொன்னது அப்படித்தான். 2011இல் தடையை எடுத்துவிட்டார்கள். வெளிப்படையாகப் பேசுவதே மேல் என்று நான் சொல்வதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

கொடுத்த இடம் எப்போது திரும்பி வரும் என்பதையும் பேசுங்கள். 2017 ஹங்கேரியில் முன்னால் இருந்த ரைக்கோனனைப் பிடிக்க முயலட்டும் என்று போட்டாஸ் தன் மெர்சிடிஸ் அணித்தோழர் ஹாமில்டனுக்கு வழிவிட்டார். பிடிக்க முடியவில்லை. கடைசி வளைவில், பின்னால் வெர்ஸ்டாப்பன் நெருங்கிக்கொண்டிருந்தபோதும், ஹாமில்டன் மூன்றாமிடத்தைத் திருப்பிக் கொடுத்தார். பட்டப் போட்டியில் இருந்தவருக்கு 3 புள்ளி சிறியதல்ல. மறுபக்கம், 2021 அபுதாபியில் அணித்தோழர் வெர்ஸ்டாப்பனுக்காக ஹாமில்டனைத் தடுத்து நின்ற பெரஸ், 2022 பிரேசிலில் ஆறாமிடத்தைத் திருப்பிக் கேட்டபோது வெர்ஸ்டாப்பன் மறுத்துவிட்டார். அந்த வேகத்தை நான் ரசிக்கிறேன். அந்த மறுப்பை ரசிக்க முடியவில்லை. உங்கள் தாளில் இப்படி எழுதுங்கள்: இத்தனை சுற்றுக்குள் முன்னால் இருப்பவரைப் பிடிக்காவிட்டால் இடம் திரும்ப வேண்டும்.

எதற்கும் பணியக்கூடாத கட்டளை ஒன்று உண்டு. ஏமாற்றச் சொன்னால், யாருக்காவது அடிபடும்படி ஓட்டச் சொன்னால், மறுத்துவிடுங்கள். 2008 சிங்கப்பூரில் ரெனோ அணியின் நெல்சன் பிக்கே ஜூனியர் சொல்லிவைத்தபடி காரைச் சுவரில் மோதினார். எல்லோரையும் மெதுவாக்கி ஒன்றுசேர்க்கும் பாதுகாப்பு கார் வந்தது. டயர், எரிபொருளுக்காக முன்பே பிட்டுக்குப் போய்வந்திருந்த அணித்தோழர் அலோன்சோ வென்றார். அடுத்த ஆண்டு பிக்கேயை அணியே வெளியேற்றியது. அதன்பிறகுதான் அவர் உண்மையைச் சொன்னார். அவர் மறுபடி ஃபார்முலா ஒன்னில் ஓடவில்லை.

ஆசையை எங்கே செலவழிப்பது

தகுதிச் சுற்றில். அங்கே எந்தக் கட்டளையும் உங்களைத் தடுக்காது. பயிற்சி நேரத்தில். ஆண்டின் முதல் பாதியில். அணித்தோழரைவிடப் புள்ளியில் முன்னால் இருந்தால், பிற்பாதியில் வழிவிடச் சொல்லும் போர்டு உங்களுக்கு வராது, அவருக்கு வரும். ஸ்ப்ராக்கெட் பற்கள், டயர் காற்றழுத்தம் போன்ற செட்டிங் விவரங்களை மறைக்காதீர்கள். மறைத்து வென்றால் அடுத்த வாரம் அவரும் மறைப்பார். அடுத்த அணி இருவரையும் தாண்டிவிடும்.

இருவராலும் அடக்கிக்கொள்ள முடியாவிட்டால் அணி சுதந்திரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். நம் நாட்டு ஃபோர்ஸ் இந்தியா அணியில் 2017இல் பெரஸும் ஓகோனும் பாகூவில் மோதினார்கள். பிறகு ஸ்பாவில் ஒரே பந்தயத்தில் இரண்டு முறை தொட்டுக்கொண்டார்கள். அதன்பின் ஒருவரோடொருவர் போட்டியிடவே கூடாது என்று அணி சொல்லிவிட்டது. இருவரும் நல்ல ஓட்டுநர்கள். அதனால்தான் எனக்கு வருத்தம்.

பந்தயம் முடிந்த மாலையில் கோபம் இருந்தால் வண்டியைக் கழுவி ஏற்றுங்கள். கைபேசியில் எதையும் எழுதாதீர்கள். மறுநாள் காலையில் மேலாளர், இரண்டு ஓட்டுநர்கள், மெக்கானிக் நால்வரும் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு எது மீறப்பட்டது, எது எழுதப்படவில்லை என்று பாருங்கள். உறவினர்களை அந்தப் பேச்சுக்கு அழைக்க வேண்டாம். இரண்டு வீட்டாரும் ஒரே பேருந்தில் ஊருக்குத் திரும்ப வேண்டியவர்கள். எழுதப்படாத விஷயத்துக்கு யாரையும் குற்றம் சொல்லாமல் புதிய வரியாகச் சேருங்கள். எங்கள் தாள் ஒவ்வோர் ஆண்டும் நீள்கிறது.

வேறு அணி அழைத்தால் போகலாம். சீசன் முடியும்வரை தாளில் உள்ளபடி ஓடுங்கள். போகிற செய்தியை முதலில் மேலாளரிடமும், அன்றே அணித்தோழரிடமும் உங்கள் வாயால் சொல்லுங்கள். செட்டிங் எழுதிய நோட்டுப் புத்தகத்தை அணியிடமே விட்டுவிட்டுப் போங்கள்.