மரக்காலும் கிளிச்சட்டையும்: ஃப்ளானரி ஓ'கானரை வாசிக்க ஒரு வழி

ஃப்ளானரி ஓ'கானரைக் 'கத்தோலிக்க எழுத்தாளர்' என்று கேள்விப்பட்டு எடுப்பவர்கள் சில பக்கங்களிலேயே திகைத்துப் போவதுண்டு. உள்ளே கொலைகாரன் இருக்கிறான், பைபிள் விற்பவன் ஒரு பெண்ணின் மரக்காலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். செபமாலை எங்கே, பூசை எங்கே? விசுவாசத்தைக் கதாபாத்திரங்களிடம் தேடினால் கிடைக்காது. எழுதியவர் பொருள்களைப் பார்க்கும் விதத்தில்தான் அது இருக்கிறது. அதைப் பிடிக்கக் கொஞ்சம் முறையாக வாசிக்க வேண்டும்.

முதலில் இடம். ஓ'கானர் 1925இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து சவானாவில் ஐரிஷ் வழிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பிறகு அதே மாநிலத்து மில்லெஜ்வில். அந்த வட்டாரத்தில் கத்தோலிக்கர் சிறுபான்மை. சுற்றிலும் பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபையினர். கதைமாந்தரும் பெரும்பாலும் அவர்களே. தந்தையைக் கொன்ற லூபஸ் நோய் (உடலின் எதிர்ப்புசக்தியே உடலைத் தாக்குவது) இவரையும் பிடித்தது. அம்மா நடத்திய பால்பண்ணையில் இருந்தபடி எழுதி, 1964இல் 39 வயதில் இறந்தார். இந்த நோயை வைத்தே கதைகளின் விகாரத்தை விளக்கிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். விட்டுவிடுங்கள், அது எதையும் திறக்காத சாவி.

1971இல் வந்த முழுத் தொகுப்பில் 31 கதைகள், கால வரிசையில். முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். முன்னால் இருப்பவை அயோவா பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது எழுதியவை. நல்ல கதைகள்தான், ஆனால் குரல் இன்னும் உடையவில்லை. 'ரெவலேஷன்' முதலில். அடுத்து 'குட் கன்ட்ரி பீப்பிள்', 'எ குட் மேன் இஸ் ஹார்ட் டு ஃபைண்ட்'. பிறகு 'எ டெம்பிள் ஆஃப் தி ஹோலி கோஸ்ட்'. 'பார்க்கர்ஸ் பேக்' கடைசியில்.

முதல் வாசிப்பை ஒரே அமர்வில் முடியுங்கள். கையில் பென்சில் இருக்கட்டும். இரண்டை மட்டும் கோடிடுங்கள்: உடம்போடு ஒட்டிய பொருள் (தொப்பி, கண்ணாடி, கால், சட்டை), தன்னை நல்லவர் என்று ஒருவர் சொல்லிக்கொள்ளும் வாக்கியம். அர்த்தம் எதுவும் எழுத வேண்டாம். உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள். தெற்கத்திப் பேச்சைக் காதில் விழுந்தபடியே எழுதியிருக்கிறார், கண்ணால் மட்டும் படித்தால் எழுத்துப்பிழை போலத் தெரியும். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். சிரிக்காமல் படித்தவருக்கு முடிவில் விழ வேண்டிய அடி விழாது.

இரண்டாம் வாசிப்பில் கோடிட்ட ஒரு பொருளை மட்டும் பின்தொடருங்கள். 'எ குட் மேன்' கதையில் பாட்டி காரில் ஏறும்போதே நன்றாக உடுத்திக்கொள்கிறாள்: வெள்ளைப் பூ வைத்த தொப்பி, லேஸ் வைத்த கழுத்துப்பட்டி. விபத்தில் செத்துக் கிடந்தாலும் பார்ப்பவர்கள் சீமாட்டி என்று கண்டுகொள்ள வேண்டுமாம். விபத்து நடக்கிறது, தொப்பி விளிம்பு உடைகிறது, பிறகு கையோடு வந்துவிடுகிறது, தரையில் விழவிடுகிறாள். அவள் நம்பியிருந்த நல்லவள் வேஷம் கழன்று விழுவது அங்கேதான்.

அடுத்தது சட்டை. மகன் பெய்லி போட்டிருந்தது நீலக் கிளிகள் போட்ட மஞ்சள் சட்டை. அவனைக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சுட்டபின் அந்தச் சட்டையை மிஸ்ஃபிட் என்னும் கொலைகாரன் மாட்டிக்கொள்கிறான். சற்று நேரத்தில் பாட்டி அவனைப் பார்த்து, நீயும் என் பிள்ளைகளில் ஒருவன் என்று தோளைத் தொடுகிறாள். அந்தச் சட்டையைத் தவறவிட்டவர்களுக்கு இந்த வார்த்தை மூளை கலங்கிய உளறலாகவோ உயிருக்கான நடிப்பாகவோ மட்டும் தெரியும். பார்த்தவர்களுக்கு, அருள் எந்த வழியாக உள்ளே வந்தது என்பது தெரியும்: செத்த மகனின் துணி வழியாக. அவன் பாம்பு கடித்தவன்போலத் துள்ளி, மார்பில் மூன்று முறை சுடுகிறான். கொடுமை செய்வதைத் தவிர வேறு இன்பமில்லை என்று சற்று முன் சொன்னவன், கடைசி வரியில் வாழ்க்கையில் உண்மையான இன்பமே இல்லை என்கிறான். இரண்டு வரிகளையும் அருகருகே எழுதிப் பாருங்கள். இடையில் நடந்தது அந்த ஒரு தொடுதல்தான்.

கத்தோலிக்கம் இங்கே உள்ளே வருகிறது. அருள் என்பது கருத்தாக அல்ல, தண்ணீர், எண்ணெய், அப்பம், ரசம் என்று தொட்டறியும் பொருள் வழியாக வருகிறது என்பது திருச்சபையின் அருட்சாதனப் பார்வை (அருட்சாதனம்: ஞானஸ்நானம், நற்கருணை போன்ற சடங்கு). நற்கருணை, அதாவது பூசையில் கிறிஸ்துவின் உடலாக நம்பி உண்ணும் அப்பம், நல்ல குறியீடு என்று ஒரு விருந்தில் எழுத்தாளர் மேரி மெக்கார்த்தி சொன்னபோது, வெறும் குறியீடுதான் என்றால் அது நரகத்துக்குப் போகட்டும் என்று ஓ'கானர் வெடித்தது பிரபலம். ஆகவே 'குட் கன்ட்ரி பீப்பிள்' கதையில் மரக்காலைப் பார்த்ததும் 'ஆன்மாவின் குறியீடு' என்று ஓரத்தில் எழுதிவிட்டு நகராதீர்கள். தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, எதையும் நம்பாதவள் என்று பெருமைப்படும் ஹல்கா, மற்றவர்கள் ஆன்மாவைப் பேணுவதுபோல அந்தக் காலைப் பேணுகிறாள். பைபிள்காரன் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனபின்தான் நிஜமாகவே ஒன்றும் இல்லாதவள் ஆகிறாள். அவளுக்கு அருள் கிடைத்ததா என்று கதை சொல்லவில்லை. நீங்களும் முடிவு கட்ட வேண்டாம்.

'எ டெம்பிள்' கதையில் பூசை வழிபாடே வருகிறது. கான்வென்ட் பெண்கள் லத்தீனில் 'தாந்தும் எர்கோ' பாடுகிறார்கள் (நம் கோயில்களில் நற்கருணை ஆசீரின்போது 'மாண்புயர்' என்று பாடுவது இதைத்தான்). கேட்ட பையனுக்கு அது யூதப் பாட்டாகத் தோன்றுகிறது. பிறகு நற்கருணை அப்பத்தை வைத்துக் காட்டும் கதிர்பாத்திரம் உயர்த்தப்படும்போது சிறுமிக்கு நினைவில் வருவது, பொருட்காட்சிக் கூடாரத்தில் தன் ஆண், பெண் உடற்கூறுகளைக் காட்டி, கடவுள் என்னை இப்படிப் படைத்தார் என்று சொன்ன இடைப்பாலினர். அப்பமும் அந்த உடலும் ஒரே வாக்கிய ஓட்டத்தில் அமர்கின்றன. விகாரத்துக்கும் விசுவாசத்துக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்தைத்தான் காட்ட வேண்டும்.

மிகையாக விளக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1961இல் ஓர் ஆங்கிலப் பேராசிரியர் அவருக்கு எழுதிய கடிதம் போதும். மிஸ்ஃபிட் வருவதெல்லாம் பெய்லியின் கற்பனை என்று 90 மாணவர்களும் மூன்று ஆசிரியர்களும் கூடி முடிவு செய்திருந்தார்கள். ஓ'கானர் அதிர்ந்துபோய் பதில் எழுதினார். கதையில் நடந்தது நடந்ததுதான்.

கறுப்பின மக்களைக் குறிக்கும் இழிசொற்கள் கதைகளில் நிறைய உண்டு. அவை பாத்திரத்தின் வாயிலா, கதைசொல்லியின் நடையிலா என்று ஒவ்வொரு முறையும் கவனியுங்கள். அவருடைய சொந்தக் கடிதங்களிலும் இனவெறிப் பேச்சு இருக்கிறது. 2020இல் மேரிலாந்து லொயோலா பல்கலைக்கழகம் ஒரு விடுதியிலிருந்து அவர் பெயரை எடுத்தது. இதை மறைத்தும் படிக்க வேண்டாம், இதை மட்டுமே படிக்கவும் வேண்டாம். 'ரெவலேஷன்' முடிவில், தான் தாழ்வாக எண்ணியவர்கள் முன்னே சொர்க்கம் போக, தன்னைப் போன்ற கண்ணியமானவர்கள் கடைசியில் நடப்பதைக் கதைநாயகி திருமதி டர்பின் பன்றித் தொட்டி ஓரத்தில் நின்று பார்க்கிறாள். அவளை விட எழுதியவர் எவ்வளவு தூரம் நகர்ந்திருந்தார் என்பது இன்னும் சூடாகப் பேசப்படும் கேள்வி.

தெற்கத்திப் புனைகதையின் விகாரம் பற்றிய அவருடைய 1960 உரையை, ஐந்து கதைகளும் முடிந்தபின் எடுங்கள். தன் கதைகளைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசுவார். முன்கூட்டியே படித்தால் அவர் சொன்னதைத் தவிர வேறொன்றும் உங்கள் கண்ணில் படாது.