தேர்வுப் படபடப்பா? மூச்சை மெதுவாக விடுங்கள்

தேர்வுக்குப் போகும் முன் 5 நிமிடம் இதைச் செய்யுங்கள்: மூக்கு வழியாக 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 அல்லது 8 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். நடுவில் அடக்க வேண்டாம். மதுரை பெரியார் பேருந்து நிலையத்தில் ஏறி நாகமலைப் புதுக்கோட்டை பக்கம் காமராசர் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்குப் பஸ் பயணமே போதும். ஜன்னல் சீட் கிடைத்தால் நல்லது, கம்பியைப் பிடித்து நின்றாலும் செய்யலாம். விரல் கணுக்களில் எண்ணினால் கவனம் நழுவாது. செயலிக்கோ வகுப்புக்கோ காசு கட்டத் தேவையில்லை.

மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். விடும் நேரம் நீண்டால் மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாகத் துடிப்பு தணிந்து, படபடப்பும் அடங்கும். ‘நல்லா ஆழமா இழு’ என்று சொல்வார்களே, அது பாதிதான் சரி. வேகவேகமாக ஆழமாக இழுத்தால் தலை சுற்றும்.

வண்டி ஓட்டும்போது இது வேண்டாம். மூக்கடைப்போ இளைப்போ இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். இரவெல்லாம் விழித்து டீயிலேயே ஓட்டுகிறவர்களுக்குத் தூக்கம்தான் வேண்டும், இது அதற்கு ஈடாகாது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் மூச்சுப் பயிற்சியோடு நிற்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸ் 14416 எண்ணைக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.